புகையான் விழுந்த வயலும் பிள்ளையின் சோற்றுத் தட்டும்

வாசகர் கேள்வி – பதில்

நெல்லின் தூரில் சாறு உறிஞ்சிப் பயிரைக் கருகவைக்கும் புகையான் போன்ற பூச்சிகளைப் பற்றியும் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றியும் டெல்டா வாசகர்கள் கேட்டவற்றை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பயிர் சார்ந்த பதில்களை வேளாண்மை தெரிந்தவர்களும், பிள்ளைகள் சார்ந்தவற்றைச் சத்துணவு தெரிந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

குத்தகைக்கு 1 ஏக்கர் சாகுபடி செய்கிறோம். சி.ஆர். 1009 நெல் ரகம். போன வருஷம் 34 மூட்டை கண்டது. இந்த வருஷம் புகையான் விழுந்து 22 மூட்டைதான். விளைச்சல் குறைந்தால் விலை ஏறும் என்பார்களே, கொள்முதலில் அதே விலை, கடையில் அரிசியும் அதே விலை. ஆனால் பருப்பும் முட்டையும்தான் எங்களுக்கு எட்டவில்லை. இது எப்படி?
— வாசகி, பாபநாசம்

உங்கள் ஊரில் புகையான் விழுந்தால் அரிசி விலை அசையாது. தமிழ்நாட்டு அரிசிச் சந்தைக்கு ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகாவிலிருந்தும் அரிசி வருகிறது. ரேஷனில் அரிசி இலவசம். நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் விலை முன்கூட்டியே நிர்ணயமானது. 2025-26 பருவத்தில் சாதா ரகத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், மாநில ஊக்கத்தொகையோடு 2,500 ரூபாய். பாபநாசத்தில் பத்து கிராமம் கருகினாலும் இந்த எண் மாறாது. அரிசி விலை நாடு முழுக்க ஏற வேண்டுமென்றால் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் விளைச்சல் அடிவாங்க வேண்டும். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை மத்திய அரசு தடை செய்தது அப்படியொரு பயத்தில்தான்.

ஆகவே விலை ஏறி நஷ்டத்தை ஈடுகட்டும் என்ற கணக்கு டெல்டா விவசாயிக்குப் பொருந்தாது. இழப்பு முழுவதும் உங்கள் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. குத்தகை நிலமென்றால் இன்னும் மோசம். குத்தகை 10 மூட்டை என்று வைத்துக்கொள்வோம். போன வருஷம் 34-இல் 10 போக 24 மூட்டை உங்களுக்கு நின்றது. இந்த வருஷம் 22-இல் 10 போக 12. விளைச்சல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, உங்கள் பங்கு பாதியாகிவிட்டது. குறைந்த 12 மூட்டை, 60 கிலோ வீதம் 720 கிலோ. அதன் மதிப்பு 18,000 ரூபாய். கூடுதலாக அடித்த மருந்துச் செலவு தனி. கருகிய வைக்கோலை மாடு தின்னாது, கட்டுக் கட்ட வருகிற வியாபாரியும் எடுக்க மாட்டார். மாட்டுக்குத் தீனி குறைந்தால் பாலும் குறையும். புகையான் இழப்பைக் கணக்குப் போடுகிறவர்கள் வைக்கோலையும் பாலையும் மறந்துவிடுகிறார்கள்.

வருமானம் சுருங்கும்போது வீட்டில் எது முதலில் வெட்டுப்படும்? குழுக்கடன் தவணை வாரந்தவறாமல் கட்டியாக வேண்டும். நகைக்கடன் வட்டி நிற்காது. ரேஷன் அரிசி இருப்பதால் சோறும் நிற்காது. வெட்டுப்படுவது முட்டை, பால், பருப்பு, மீன், காய். இவை எல்லாமே நாள்தோறும் சில்லறைக் காசு கொடுத்து வாங்குகிறவை. பிள்ளையின் வயிறு நிறைந்திருக்கும், ஆனால் தட்டில் வெறும் சோறும் ரசமும்தான் இருக்கும். வீட்டில் யாரும் பட்டினி இல்லை என்பதால் இந்தக் குறையை யாரும் கவனிப்பதில்லை. அதனால்தான் டெல்டாவில் பூச்சித் தாக்குதலை விலையை வைத்து அளக்கக் கூடாது, சின்னப் பிள்ளையின் தட்டை வைத்து அளக்க வேண்டும் என்கிறோம்.

ஒரு கணக்கு மட்டும் மனத்தில் வையுங்கள். முட்டை 7 ரூபாய் என்றால், இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாக வருஷம் முழுக்கக் கொடுக்க 5,110 ரூபாய். அந்த 18,000 ரூபாயில் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நெல் பணம் கைக்கு வந்த அன்றே இந்தத் தொகையைத் தவணைப் பணம்போல ஒதுக்கிவிடுங்கள். மாதாமாதம் மிச்சத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்றால் மிச்சம் இருக்காது.

புகையானுக்கு மூன்று முறை மருந்து அடித்தேன். அடித்த இரண்டு நாள் அடங்குகிறது. பத்தாம் நாள் முன்னைவிட அதிகமாக இருக்கிறது. கடையில் இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
— வாசகர், நீடாமங்கலம்

கலந்து அடிக்காதீர்கள். முதலில் வயலில் இறங்கிப் பாருங்கள்.

புகையான் இலையில் இருக்காது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று விரற்கடை உயரத்தில், தூரின் அடியில் ஒட்டியிருக்கும். ஒரு குத்தை (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்தை) சாய்த்து உள்ளங்கையால் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுங்கள். கடுகளவு பழுப்புப் பூச்சிகள் தண்ணீரில் விழுந்து, பக்கவாட்டில் தத்தி மறுபடி தூரில் ஏறும். வயலின் குறுக்காக நடந்து இப்படி 20 குத்துகளைப் பாருங்கள். சராசரியாகத் தூருக்கு, அதாவது குத்திலுள்ள ஒரு தண்டுக்கு, ஒரு பூச்சி இருந்தால் மருந்துக்கான நிலை வந்துவிட்டது. குத்துக்கு ஒரு சிலந்தியாவது இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம், சிலந்தி பார்த்துக்கொள்ளும். ராத்திரி தெருவிளக்கைச் சுற்றி இந்தப் பூச்சி மொய்த்தால் மறுநாள் காலை வயலுக்குப் போய்விடுங்கள்.

இனி, உங்கள் மருந்து ஏன் தோற்றது என்பதற்கு வருவோம். பெண் பூச்சி முட்டையை இலையுறைக்குள் கீறி வைக்கிறது. ஒரு பூச்சி 200-300 முட்டை வரை இடும். தெளித்த மருந்து அந்த முட்டையைத் தொடுவதே இல்லை. 7 முதல் 9 நாளில் அது பொரியும். நீங்கள் சொல்லும் பத்தாம் நாள் கணக்கு இதுதான். சாதாரணமாகப் பொரித்த குஞ்சுகளை ஓநாய்ச் சிலந்தியும், முட்டையையே உறிஞ்சுகிற பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் தின்றுவிடும். முதல் முறை நீங்கள் அடித்தது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டாக இருந்தால் அவை இரண்டும் செத்துவிட்டன. காவல் இல்லாத வயலில் குஞ்சு முழுதும் பிழைத்துவிட்டது. மருந்தால் பூச்சி பெருகுவது உண்மையிலேயே நடக்கிற காரியம். 1986-இல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது இந்தப் புகையானால்தான்.

இரண்டாவது, தெளிக்கிற விதம். கைத்தெளிப்பானால் ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் வேண்டும், 10 லிட்டர் டேங்க் என்றால் 20 டேங்க். ஆறேழு டேங்கில் முடித்தால் மருந்து இலைமேல் படிந்து காயும், தூருக்கு இறங்காது. மூன்றாவது, யூரியா. கரும்பச்சையாகத் தழைத்த, காற்றுப் புகாத பயிர்தான் புகையானுக்குப் பிடித்த இடம்.

இப்போது செய்ய வேண்டியது இது. யூரியாவை நிறுத்துங்கள். வயல் தண்ணீரை வடித்து மூன்று நான்கு நாள் சேறு காயாத அளவில் விடுங்கள். எட்டடிக்கு ஒரு முறை ஒரு அடி அகலத்துக்குப் பயிரை இரண்டு பக்கமும் ஒதுக்கிப் பட்டம் பிரித்து வெயிலும் காற்றும் தூருக்குப் போகச் செய்யுங்கள். அதன் பிறகும் எண்ணிக்கை இறங்காவிட்டால் பைமெட்ரோசின் 50 சதம் குருணை ஏக்கருக்கு 120 கிராம், அல்லது குஞ்சுகள் அதிகமாக இருந்தால் புப்ரோபெசின் 25 சதம் திரவம் 320 மில்லி. இரண்டில் ஒன்று மட்டும். நாசிலைப் பட்டத்துக்குள் தாழ்த்தி தூரில் படும்படி அடியுங்கள். புப்ரோபெசின் குஞ்சு தோலுரிப்பதைத்தான் தடுக்கும், அதனால் பூச்சி சாக மூன்று நாளுக்கு மேல் ஆகும். மறுநாளே உயிரோடு இருக்கிறதே என்று இன்னொன்றை அடித்துவிடாதீர்கள். அடித்த பிறகு ஒரு வாரம் மடையைத் திறக்காதீர்கள். நம் பக்கம் வயலுக்கு வயல் பாயும் தண்ணீர், உங்கள் மருந்து கீழ் வயலுக்கும் வாய்க்காலுக்கும் போகும்.

அடுத்த பருவத்துக்கு நடும்போதே பட்டம் விட்டு நடுங்கள். யூரியாவை இலை வண்ண அட்டையை வைத்துப் போடுங்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை காலை வேளையில் 10 இலைகளைப் பாருங்கள். அட்டையின் 4-ஆம் நிறத்தைவிட வெளுத்த இலைகள் ஐந்துக்கு மேல் இருந்தால் மட்டும் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் நிறம். மேலுரம் குறைந்தால் விளைச்சல் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். டெல்டாவில் புகையான் வயல்களைப் பார்க்கிறவர்களுக்கு, குறைவாகப் போட்டு நஷ்டப்பட்டவரைவிட அதிகமாகப் போட்டு நஷ்டப்பட்டவர்தான் கண்ணில் படுகிறார்.

நட்டு 25 நாள். இலைகள் சுருண்டு வெள்ளை வெள்ளையாகத் தெரிகின்றன. உடனே அடிக்க வேண்டுமா?
— வாசகர், வலங்கைமான்

வேண்டாம். இலைச்சுருட்டுப் புழு. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் தூர் கட்டும் பருவத்தில் பயிர் புது இலை விட்டுத் தேறிக்கொள்ளும். நூற்றுக்குப் பத்து இலைக்கு மேல் பாதித்தால்தான் யோசிக்க வேண்டும். கண்ணாடி இலை (கதிருக்கு முன் வரும் கடைசி இலை) வந்த பிறகு அளவு வேறு, நூற்றுக்கு 5 கண்ணாடி இலை பாதித்தாலே நடவடிக்கை வேண்டும். மணி முற்ற உணவு தருவது அந்த இலைதான். நட்ட 37, 44, 51-ஆம் நாட்களில் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் முட்டை ஒட்டுண்ணி (பூச்சியின் முட்டையை அழிக்கும் சிறு குளவி) அட்டையை ஏக்கருக்கு 2 சி.சி. வீதம் கட்டலாம். கட்டுகிற வாரத்தில் பூச்சிமருந்து கூடாது, ஒட்டுண்ணியே செத்துவிடும். இந்த ஆரம்ப கால அவசரத் தெளிப்புதான் பல வயல்களில் பின்னால் புகையானைக் கூப்பிட்டு வருகிறது.

பயிர்க் காப்பீடு கட்டியிருக்கிறேன். என் வயல் முழுக்கக் கருகிவிட்டது. தனியாக மனு கொடுத்தால் பணம் கிடைக்குமா?
— வாசகர், குத்தாலம்

பிரதமர் பயிர்க் காப்பீட்டில் பூச்சி, நோய் இழப்பு உண்டு. ஆனால் அது கிராம அளவில் கணக்கிடப்படுகிறது. அறிவிக்கப்பட்ட கிராமத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, சராசரி விளைச்சல் உறுதி செய்யப்பட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் அங்கே காப்பீடு செய்த அனைவருக்கும் இழப்பீடு வரும். தனி வயலுக்கு இழப்பு பார்க்கிற பட்டியலில் பூச்சி இல்லை. கிராமத்தில் மற்றவர்களுக்கு நன்றாக விளைந்திருந்தால் உங்களுக்கு மட்டும் கிடைக்காது. இது கசப்பான ஏற்பாடு, முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பணத்தை நம்பிக் கடன் வாங்க மாட்டீர்கள். செய்யக்கூடியது ஒன்று: பரிசோதனை நடக்கும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஊர்க்காரர்கள் நேரில் நில்லுங்கள், எடை சரியாகப் பதிவாகிறதா பாருங்கள். பணம் கட்டுவதை நிறுத்த வேண்டாம். சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான்.

அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். மகசூல் பொய்த்த வருஷத்தில் பிள்ளைகள் மெலிவது எப்போது தெரியும்? எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?
— வாசகி, கீழ்வேளூர்

நீங்கள் கேட்ட கேள்வி முக்கியமானது, ஏனென்றால் கண்ணால் பார்த்து மெலிந்திருக்கிறது என்று சொல்லும்போது தாமதமாகியிருக்கும்.

சம்பா அறுவடை தை, மாசியில். விளைச்சல் குறைந்த வீட்டில் நெல் பணம் சித்திரைக்குள் தீர்ந்துவிடும். குறுவைப் பணம் வர ஆவணி, புரட்டாசி ஆகும். இடையிலிருக்கும் மாதங்களில் முதலில் நிற்பது எடை கூடுவது. எடை குறைய வேண்டும் என்பதில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறாமல் வளர்ச்சி அட்டையில் கோடு படுத்திருந்தால் அதுவே எச்சரிக்கை. உயரம் அடிபடுவது மாதக்கணக்கில் நடக்கும், அதைப் பிறகு மீட்பது கடினம். தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 25 சதவீதம், உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள் 14.6 சதவீதம். 6 மாதம் முதல் 5 வயது வரை ரத்தசோகை 57.4 சதவீதம். இதற்குப் பூச்சி மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டோம். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கும் இடத்தில் ஒரு பருவம் பொய்த்தால் சிலர் விளிம்பைத் தாண்டுவார்கள்.

6 மாதம் முதல் 5 வயது வரை உள்ளவர்களுக்குப் புஜச் சுற்றளவு நாடா போதும். இடது கையைத் தொங்கவிட்டு, தோள் எலும்பு நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் மையால் ஒரு புள்ளி வையுங்கள். அளப்பதற்குள் பிள்ளை கையை மடக்கும், அதனால் பேச்சுக் கொடுத்து கை தளர்ந்த பிறகு நாடாவைப் புள்ளியின்மேல் சுற்றுங்கள். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் அரை சென்டிமீட்டர் குறைத்துக் காட்டிவிடும், சட்டைக்கை மேல் சுற்றினால் கூட்டிக் காட்டும். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் மிதமான மெலிவு. 11.5-க்குக் கீழே என்றால் கடுமையான மெலிவு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள், இரண்டிலும் குழி விழுந்தால் நாடா என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயிற்றுப்போக்கு வரும் நேரமும் புகையான் விழும் நேரமும் ஒன்று. சாப்பாட்டில் சத்து குறைந்த பிள்ளைக்கு நான்கு நாள் பேதி போனால் சரிந்துவிடும். உப்பு-சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரை 14 நாள் கொடுக்க வேண்டும்: 6 மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம், 2 முதல் 6 மாதம் வரை 10. பேதி நின்றவுடன் மாத்திரையை நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

உங்கள் மையத்தில் 2 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 3 முட்டை உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவில் 5 முட்டையும், 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு. காலை உணவை மாநிலம் முழுக்க விரிவாக்கியது 2023 ஆகஸ்டில், உங்கள் மாவட்டத்துத் திருக்குவளையில்தான். இவர்களுக்கு ஒரு தாங்கல் இருக்கிறது. 6 மாதம் முதல் 2 வயது வரை உள்ள பிள்ளை பெரும்பாலும் வீட்டு அடுப்பை நம்பியிருக்கிறது. பூச்சி விழுந்த ஊரில் முதல் வீட்டுப் பார்வை அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கட்டும்.

மக்காச்சோளத்தில் புழு விழுந்தால் முட்டை விலை ஏறும் என்கிறார்கள். நம் பக்கம் மக்காச்சோளமே அதிகம் இல்லையே?
— வாசகர், திருவையாறு

கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர், பெரம்பலூர் மானாவாரியில் நிறைய இருக்கிறது. கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான். படைப்புழு இந்தியாவுக்குள் 2018-இல் கர்நாடகாவில் தென்பட்டு அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கும் வந்தது. வறட்சியும் சேர்ந்து 2019-இல் மக்காச்சோள விலை ஏற, தீவனச் செலவு ஏறியது. பூச்சி நேரடியாக விலையைத் தொடுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். மக்காச்சோளத்துக்கு அரிசிபோல் ரேஷன் கிடையாது, அரசு கிடங்குகளில் பெரிய கையிருப்பும் கிடையாது. காய்கறியும் இப்படித்தான். நாள்கணக்கில் கெடும் சரக்கு என்பதால் சேர்த்து வைத்து விலையைப் பிடிக்க வழியில்லை, 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதைப் பார்த்தோம். வீட்டில் நான்கு நாட்டுக்கோழி இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் உங்களைத் தொடாது. கோழியைச் சோற்றுக்கும் புழுவுக்கும் விட்டு வளர்க்கிற வீடுகளில், மருந்து அடித்த வயலுக்குள் மட்டும் விடாதீர்கள்.

தையில் தெளிக்கும் உளுந்து மஞ்சள் தேமலில் போய்விடுகிறது. மிஞ்சி வருவதும் மூன்று மாதத்தில் வண்டு அரித்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு உளுந்தங்கஞ்சிக்குக்கூட விலைக்கு வாங்குகிறோம்.
— வாசகி, திருத்துறைப்பூண்டி

நெல் அறுவடையை ஒட்டி அதே வயலில் தெளிக்கும் நெல் தரிசு உளுந்து டெல்டாப் பிள்ளைகளின் புரதச் சேமிப்பு. அது போனால் நெல் போனதைவிடப் பிள்ளைகளுக்கு நஷ்டம் என்றே சொல்வோம். நாட்டுக்குள் உளுந்து குறைந்தால் மியான்மரிலிருந்து கப்பலில் வரும், கடை விலை ஓரளவு அடங்கும். ஆனால் உங்கள் வீட்டுப் பானையில் இருந்த உளுந்துக்குக் காசு தேவைப்படவில்லை, அதுதான் வித்தியாசம்.

தேமலைப் பரப்புவது வெள்ளை ஈ. நோய் வந்த செடிக்கு மருந்தில்லை. வம்பன் 8, வம்பன் 11 போன்ற தாங்கும் ரகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஏக்கருக்கு 10 கிலோ விதை. ஆள் அறுவடையென்றால் 7 முதல் 10 நாள் முன்பும், இயந்திர அறுவடையென்றால் 4 நாள் முன்பும் மண் மெழுகுபதத்தில் இருக்கும்போது தெளிக்க வேண்டும். ஈரம் கூடினால் விதை அழுகும், குறைந்தால் முளை சீராக வராது. முதல் 30 நாளில் மஞ்சள் புள்ளி விழுந்த செடியைக் கண்டவுடன் பிடுங்கி மண்ணில் புதையுங்கள். வரப்பில் போட்டால் வெள்ளை ஈ அதிலிருந்து பக்கத்துச் செடிக்குப் போகும். ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டுப்பொறி, செடியின் உயரத்துக்குச் சற்று மேலே.

வண்டு விஷயத்தில், முழு உளுந்தாக வைப்பதுதான் தவறு. பயறு வண்டு முழுப் பயற்றின் தோலில் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டும். உடைத்த பருப்பில் அவ்வளவாக வராது. நன்றாகக் காய்ந்து, கடித்தால் நறுக்கென்று உடைகிற பதத்தில் வீட்டுத் தேவையை உடைத்து வைத்துவிடுங்கள். விதைக்கும் முழுதாக வேண்டியதற்கும் கிலோவுக்கு 5 மில்லி நல்லெண்ணெய் அல்லது வேப்பெண்ணெய் பிசறி, காற்றுப் புகாத டின்னில் வையுங்கள். வேப்பெண்ணெய் விதைக்கு மட்டும், சாப்பிடுகிறதற்கு நல்லெண்ணெய்.

களை எடுக்கப் போகும்போது கைப்பிள்ளையை வரப்பில் தொட்டில் கட்டிப் போடுகிறேன். பக்கத்து வயலில் மருந்து அடிக்கிறார்கள். பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?
— வாசகி, மன்னார்குடி

ஆகும். அன்று பிள்ளையை வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். சின்னப் பிள்ளை தன் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறது, கையில் பட்டதை வாயில் வைக்கிறது. தெளித்த வயலுக்குள் குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் இரண்டு நாள் யாரும் களை எடுக்க இறங்கக் கூடாது. இதைக் கேட்கக் கூலிக்குப் போகிறவருக்குத் தயக்கம் இருக்கும். நிலக்காரர்தான் முதல் நாளே சொல்ல வேண்டும், இதைப் படிக்கிற நிலக்காரர்கள் தயவுசெய்து செய்யுங்கள்.

வீட்டில் மருந்தடிப்பவர் இருந்தால் அந்தச் சட்டையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது. குளித்து உடைமாற்றிய பிறகுதான். அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும், பிள்ளையின் துணியோடு ஊறவைக்கக் கூடாது. டப்பாவில் உள்ள முக்கோண நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசி பச்சை. பச்சையும் நஞ்சுதான். மீதி மருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பது, காலி டப்பாவில் எண்ணெயோ மோரோ வைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 பிள்ளைகள் இறந்தார்கள், அது வந்த வழி சமையல் எண்ணெய். காலி டப்பாவை மூன்று முறை அலசி அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, அடியில் ஓட்டை போட்டு நசுக்கிவிடுங்கள்.

பிள்ளைக்கு வாயில் எச்சில் ஒழுகுதல், வியர்வை, வாந்தி, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குதல், மூச்சுத் திணறல் தெரிந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். உடையைக் கழற்றி, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டருக்கு முதலில் வேண்டியது அந்த லேபிள்.

வாய்க்கால் மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெண்டையும் குரவையும் காசில்லாமல் கிடைக்கும் நல்ல புரதம். பைரித்ராய்டுகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. வயலில் மருந்தடித்த சில நாளில் மீன் மேலே மிதந்து வந்தால் அள்ளிக் குழம்பு வைக்காதீர்கள்.

கதிர் நாவாய்ப்பூச்சி குடித்த நெல்லில் அரிசி கறுத்திருக்கிறது. கொள்முதலில் எடுக்கவில்லை. வீட்டுச் சாப்பாட்டுக்கு வைக்கலாமா?
— வாசகர், பேராவூரணி

பூச்சி குடித்ததால் மட்டும் வந்த கறுப்புப் புள்ளி நஞ்சில்லை, அரைக்கும்போது நொய்யாக உடையும், ருசி குறையும். ஆனால் மழையில் நனைந்து சூடேறி, பூஞ்சண வாடையும் கட்டியும் உள்ள நெல்லைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், கழுவினாலும் வேகவைத்தாலும் பூஞ்சண நஞ்சு முழுதாகப் போகாது. கதிரில் மஞ்சள், கரும்பச்சை உருண்டையாக நெற்பழம் இருந்தால் பொறுக்கி எறிந்த பிறகே அவிக்க வேண்டும். கொள்முதலில் சேதமான, நிறம் மாறிய நெல்லுக்கு வரம்பு 5 சதவீதம், ஈரப்பதத்துக்கு 17. அடுத்த முறை பூக்கும்போது 100 கதிருக்கு 5 பூச்சி, பால் பிடித்த பிறகு 16 பூச்சி என்ற அளவு வந்தால் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் அடியுங்கள். 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, 200 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பு கரைத்துச் சேர்த்தால் ஒரு ஏக்கருக்கு ஆகும். வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும். அன்றே அடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வீரியம் இருக்காது. வரப்புப் புல்லையும் வெட்டுங்கள், பூச்சி நெல் பூக்கும் வரை அதில்தான் காத்திருக்கிறது.

மகன் வயல் போய்விட்டது. பேரனுக்கு ஒன்றரை வயது. கையில் இருப்பது கொஞ்சம். எதை வாங்கினால் பிள்ளை கெட்டுப்போகாது?
— பாட்டி ஒருவர், வேதாரண்யம்

அம்மா, தாய்ப்பால் இருந்தால் 2 வயது வரையும் அதற்கு மேலும் தொடரட்டும். அதோடு நாளுக்கு மூன்று நான்கு வேளை, வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் முக்கால் முதல் ஒரு கிண்ணம்வரை கெட்டியாக ஊட்டுங்கள். ரசத்தில் கரைத்த சோறு வயிற்றை அடைக்கும், சத்துத் தராது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதம் வேண்டும்.

அரிசி ரேஷனில் வருகிறது. ஒரு கிலோ துவரம் பருப்பை 30 ரூபாய்க்கும் ஒரு லிட்டர் பாமாயிலை 25 ரூபாய்க்கும் அங்கேயே தவறாமல் வாங்கிவிடுங்கள். பருப்பில் பேரன் பங்கை, நாளுக்கு ஒரு கைப்பிடி, தனி டப்பாவில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சாம்பார். முட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது வேண்டும். முட்டை இல்லாத நாளில் 25 கிராம் உளுந்தோ பயறோ ஏறக்குறைய அதே புரதம் தரும், ஆனால் முட்டையின் எல்லாச் சத்தும் அதில் வராது. உங்கள் கரையில் நெத்திலி மலிவாகக் கிடைக்கும் நாளில் வாங்கி, முள்ளோடு மசித்துக் கொடுங்கள். முருங்கைக்கீரை ஒரு பிடி, பருப்போடு வேகவைத்துக் கடைந்து, அரைத் தேக்கரண்டி எண்ணெய் சேருங்கள். எண்ணெய் இல்லாமல் அதிலுள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் சரியாகச் சேராது. நிலக்கடலையை முழுதாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கும். வறுத்துத் தோல் நீக்கி, கறுத்ததையும் சுருங்கியதையும் பொறுக்கி எறிந்து, பொடித்துக் கஞ்சியில் ஒரு தேக்கரண்டி போடுங்கள்.

பேரனை அங்கன்வாடியில் பதிந்து, சத்துமாவு மாதம் தவறாமல் வாங்குங்கள். அந்த மாவை வீட்டில் எல்லோருக்கும் தோசையாக ஊற்றிவிடுவது உண்டு, அது பேரனுக்கு மட்டும். மாதம் ஒரு நாள் அங்கேயே எடை போட்டு, போன மாத எடையோடு சேர்த்து அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.